ஐந்தாவது விளக்கு

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் யாரோ தினமும் கலியாணப் படம் பார்க்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால், நல்ல வைத்தியராகப் பார்த்து அனுப்பிவைக்கத்தான் எனக்குத் தோன்றும். தக்சாயினி அக்கா அப்படியில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எத்தினை மணிக்குப் பாக்கினம்?” என்று கேட்டார்.

அதனால்தான் அவர் துப்பறிவாளர், நான் உதவியாளன். பெயர் ஜெனிஸ்ரன். முன்பு கேபிள் ரீவி கம்பனி ஒன்றில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்பத்திலிருந்து விழுந்தேன். தரையில் நின்று செய்கிற வேலையாகத் தேடியபோது அக்கா அகப்பட்டார். வந்து நாலு வருடமாகிறது. மாதத்துக்கு ஒரு கூரையாவது ஏறாமல் சம்பளம் வாங்கியதில்லை.

சண்டிலிப்பாயில் குகதாசனின் வீட்டு மண்டபத்தில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

“மணி தெரியாது, மிஸ்,” என்றார் குகதாசன். “காலமை ஏழுக்கு நானும் மகளும் வெளிக்கிட்டால் பின்னேரம் அஞ்சுக்குத்தான் வருவம். அதுக்குள்ளைதான் நடக்குது.”

குகதாசனுக்கு நாற்பது வயதிருக்கும். அச்சுவேலியில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அன்று எங்களுக்காக லீவு போட்டிருந்தார். மனைவி தர்சினி இரண்டு வருடத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மகள் சாருஜாவுக்கு எட்டு வயது. இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ரீவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான்: பிறந்தநாள், கோயில் திருவிழா, குழந்தை முதல் நடந்தது, கலியாணம். எந்தப் படத்தை எந்த இடத்தில் விட்டோம் என்று அந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும்.

“கலியாணப் படத்தை நான் போடுறேல்லை, மிஸ். எனக்கு ஏலாது. மகளும் நானும் மற்றப் படங்களைத்தான் பாப்பம். ஆனா பத்து நாளா பெட்டியைப் போட்டவுடனை, விட்ட இடத்திலை இருந்து பாக்கட்டோ எண்டு கலியாணப் படம்தான் முன்னுக்கு வந்து நிக்குது. நாப்பத்திரண்டாவது நிமிசம். ஒவ்வொரு நாளும் அதே நாப்பத்திரண்டு.”

“உந்தப் பெட்டியள் எப்ப பூட்டினது?”

“பெட்டி முந்தியே இருந்தது. வைஃபையிலை பாக்கேக்கை தர்சினியின்ரை முகம் நடுவிலை அப்பிடியே நிண்டுபோகும். ‘அம்மாவை ஏன் நிப்பாட்டினீங்கள்’ எண்டு மகள் என்னோடை சண்டை பிடிப்பாள். அதுதான் மூண்டு மாசத்துக்கு முதல் ஆக்களைக் கூப்பிட்டு எல்லாத்தையும் வயரிலை மாத்தினனான்.”

நாக்கு நுனியில் வைத்திருந்த பகிடியை விழுங்கிக்கொண்டேன். சுவரில் தர்சினியின் படம். சின்ன உருவம், பெரிய கண்.

“மகள் என்ன சொல்லுறா?” என்றார் அக்கா.

“அம்மா வந்து பாக்கிறா எண்டு சொல்லுறாள்.” குகதாசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் படிச்ச மனுசன், மிஸ். உதுகளை நம்புறேல்லை. ஆனா இப்ப வேலைக்குப் போகேக்கை, ரீவியை மூடுற துணியை எடுத்து வைச்சிட்டுத்தான் போறன்.”

“ஏன்?”

“அவவுக்கு உயரம் காணாது. துணியை இழுத்து எடுக்கக் கஷ்டப்படுவா.”

மடித்த துணி ரீவிக்குப் பக்கத்தில் இருந்தது. பூப்போட்ட துணி, நேர்த்தியாக மடித்திருந்தார்.

“நான் உங்களுக்கு என்ன கண்டுபிடிச்சுத் தரவேணும், குகதாசன்?”

“ஆள் ஆரெண்டு சொல்லுங்கோ. ஆளே இல்லையெண்டு வந்தாலும் சொல்லுங்கோ.”

சொல்லும்போது அவர் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போய் வந்தது. எந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பதிலை எங்களால் கொடுக்க முடியாது என்பதும் விளங்கியது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

அக்கா தன் கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். அவர் எதையும் எழுதுவதில்லை. எழுதினால் ஆட்கள் யோசித்துக் கதைப்பார்கள் என்பது அவர் கட்சி.

“இந்தப் பத்து நாளிலை நீங்கள் வேலைக்குப் போகாத நாள் இருக்கோ?”

“போன வியாழன். தடிமனும் காய்ச்சலும். முழுநாளும் இந்த வாங்கிலைதான் கிடந்தனான்.”

“ரீவி?”

“பின்னேரம்வரை போடேல்லை.”

“ஆரும் வந்தவையோ?”

“பூனைகூட வரேல்லை.”

“அண்டைக்குப் பின்னேரம் படம் எங்கை நிண்டது?”

குகதாசன் ரீவியைத் திரும்பிப் பார்த்தார். “நாப்பத்திரண்டிலைதான்,” என்றார்.

“ஜெனி,” என்றார் அக்கா என் பக்கம் திரும்பி. “வீட்டுக்குள்ளை வராமல், இந்த ரீவியைப் போடாமல், இந்தப் பெட்டியிலை படம் பாக்கிறதெண்டால் எப்பிடிப் பாக்கலாம்?”

“நான் எண்டால் பக்கத்து வீட்டிலை இருந்து வைஃபையைக் களவெடுப்பன். அனுபவத்திலை சொல்லுறன்.”

“வைஃபையை வயர் இழுத்தண்டே நிப்பாட்டிப்போட்டன்,” என்றார் குகதாசன்.

“அப்ப வயர்,” அக்கா எழுந்துவிட்டார். “வயர் பூட்டின சாமான் வீட்டிலை எத்தினை இருக்கு?”

குகதாசன் விரல் விட்டு எண்ணினார். ரீவி ஒன்று. படப் பெட்டி ஒன்று. பாட்டுப் பெட்டி ஒன்று. வெளியிலிருந்து இன்ரநெற் வரும் பெட்டி ஒன்று. நாலு வயரும் சீலிங்குக்கு மேலே போய் ஒரு சின்னப் பெட்டியில் சந்திக்கின்றன. அதை ‘சுவிச்’ என்பார்கள். நாற்சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரின் வேலைதான் அதற்கும். வயர் பூட்டிய ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு பச்சை விளக்கு எரியும்.

“ஏணி இருக்கோ?” என்றார் அக்கா. யாருக்காக என்று கேட்கவே வேண்டாம்.

மேலே அடுப்புக்குள் புகுந்தது போல இருந்தது. முழங்காலில் ஊர்ந்து போய் ரோச் லைற்றை அடித்தேன். சுவிச் தூசி பிடித்துக் கிடந்தது. விளக்குகளை எண்ணினேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

“அக்கா! சாமான் நாலு. விளக்கு அஞ்சு.”

கீழேயிருந்து குகதாசனின் குரல் வந்தது. மெல்லத்தான் சொன்னார். மேலே இருந்த எனக்கும் கேட்டது.

“அப்ப அவ இல்லை.”

நான் தூசிக்குள் அப்படியே இருந்தேன். துப்புக் கிடைத்ததும் ஒரு சந்தோசம் வரும், அது எனக்குப் பழக்கம். அன்று வரவில்லை.

ஐந்தாவது வயரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இந்த வயருக்குள் எட்டு இழைகள் இருக்கும். இரண்டு இரண்டாக முறுக்கி, நாலு சோடி. பிளக்கில் பூட்டும்போது ஒரு சோடியைப் பிரித்து, அதற்கு நடுவில் இன்னொரு சோடியை வைக்கவேண்டும். அதுதான் முறை. மற்ற நாலு பிளக்கும் அப்படித்தான் இருந்தன. இந்த ஐந்தாவதில் மட்டும் சோடி பிரியாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. இரண்டு முனையிலும் இப்படிப் பூட்டினால் வயர் வேலை செய்யும், விளக்கும் எரியும். ஆனால் தூரமாக இழுத்த வயரில் பாரமான படம் போனால் உடையும்.

சீலிங் ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டி இதைச் சொன்னேன்.

“தொழில் தெரியாதவன் பூட்டினதோ?” என்றார் அக்கா.

“இல்லை அக்கா. என்னைவிட வடிவாப் பூட்டியிருக்கு. எட்டு இழையும் ஒரே அளவு. நல்லாப் பழகின கை. ஆனா பழகினது வேறை தொழில்.”

“என்ன தொழில்?”

“ரெலிபோன். அந்தக் காலத்து லைன் வேலைக்காரர்தான் சோடியைச் சோடியாவே விடுவினம்.”

குகதாசன் சட்டென்று எழுந்து குசினிக்குப் போனார். மேசை லாச்சி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு குறடு இருந்தது. வயரை அறுக்க அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் போன விதத்தை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை.

“குறடு இருக்கட்டும்,” என்றார். “முதலிலை அந்த நாப்பத்திரண்டாவது நிமிசத்தைப் போட்டுக் காட்டுங்கோ.”

பிளக்கைப் பழையபடி பூட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். குகதாசன் படத்தைப் போட்டார். போட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தாலி கட்டி முடிந்திருந்தது. மணவறையில் இருவரும் இருக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அறுகரிசி போட்டார்கள். அறுகம்புல்லும் அரிசியும் தலையில், தோளில், மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் அரிசி ஒரே நேரத்தில் பறக்கிற படம் என்றால் வயருக்கு அதைவிடப் பாரம் இல்லை. இங்கே மண்டபத்தில் படம் துல்லியமாக ஓடியது. ஐந்தாவது வயரின் மறு முனையில் கட்டாயம் உடையும்.

“விளங்கிட்டுது அக்கா. அந்த ஆள் இதிலை நிப்பாட்டேல்லை. இதிலை வந்து படம்தான் உடைஞ்சு நிக்குது.”

“பிறகு ஏன் திருப்பித் திருப்பி வருகினம்?” என்றார் அக்கா. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “இதைப் பார். பொம்பிளை நிமிந்து எங்கையோ பாக்கிறா. ஆரைப் பாக்கிறா, குகதாசன்?”

“தெரியாது, மிஸ். வந்த சனத்தை ஆரையும் பாத்திருப்பா.”

திரையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

பதினொரு மணிக்கு அக்கா என்னை மறுபடி கூரைக்கு அனுப்பினார். பத்து நிமிடம் வியர்வையில் ஊறிக் கிடந்தேன். பதினொன்று பத்துக்கு ஐந்தாவது விளக்கு துடிக்கத் தொடங்கியது. இவ்வளவு நேரமும் சோம்பலாகக் கண் சிமிட்டிய விளக்கு அது.

“படம் தொடங்கிட்டுது அக்கா!”

“வயரைப் பிடிச்சுக்கொண்டு வா!”

வயரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். கூரை வளையோரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. வயர் அதற்குள்ளால் வெளியே போய்ச் சுவரில் இறங்கியது. கிளுவை வேலிக்கு அடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து மறைந்தது. அதைத் தேடிப் பிடிக்கவே முக்கால் மணி போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டம். வாய்க்கால் ஓரமாக நாலு கறுப்புக் குழாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே தடிப்பு.

“சரி, இனி நாலையும் கிண்டிப் பாக்கவேண்டியதுதான்,” என்றேன். “மண்வெட்டி எடுக்கட்டோ?”

அக்கா குனிந்து ஒவ்வொரு குழாயையும் புறங்கையால் தொட்டார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கையை உதறினார்.

“தண்ணி ஓடுற குழாய் இந்த வெயிலுக்கும் குளிரும். இது சுடுகுது. இதுக்குள்ளை தண்ணி ஓடேல்லை.”

நாலு வருடமாக அவரோடு இருக்கிறேன். இன்னும் எனக்கு முதலில் மண்வெட்டிதான் ஞாபகம் வருகிறது.

சுட்ட குழாய் தோட்டத்தின் மறுகரையில் இருந்த பம்பு அறைக்குப் போனது. மூவரும் வரம்பில் வரிசையாக நடந்தோம். குகதாசன் குறட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“தோட்டம் ஆருடையது?” என்றார் அக்கா.

“கொழும்பிலை இருக்கிற ஆக்களுடையது. ஆரோ குத்தகைக்கு எடுத்திருக்கினம். ஆரெண்டு நான் விசாரிக்கேல்லை.”

பம்பு அறைக்கு இருபது அடி இருக்கும்போது அக்கா நின்றார்.

“குகதாசன், தாலி கட்டினாப் பிறகு அறுகரிசி முதலிலை போடுறது தாய் தேப்பன். படத்திலை பொம்பிளை பக்கத்திலை முதலிலை போட்டது ஆர்?”

“பெரியப்பா.”

“தாய்?”

“அவ அதுக்கு முதலே செத்துப்போனா.”

“தேப்பன்?”

குகதாசன் எங்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே உர மூடைக்கு மேல் ஒரு பழைய ரீவி இருந்தது. கவிழ்த்த வாளியில் ஒரு கிழவர், வெறும் மேலோடு, சாரம் கட்டிக்கொண்டு இருந்தார். கழற்றிய சேட்டு ஆணியில் தொங்கியது. திரையில் மணப்பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. நெற்றி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கண் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ கிடந்தது.

கிழவர் திடுக்கிடவில்லை. குறட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“மாமா,” என்றார் குகதாசன்.

சொல்லவேண்டும் என்று சொன்ன சொல் இல்லை. வாயில் வந்துவிட்டது. உடனேயே பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இவர்தான் தர்சினியின்ரை தேப்பன், மிஸ். ரெலிபோன் ஏரம்பு எண்டால் காங்கேசன்துறைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தன்ரை தங்கச்சியின்ரை மோனுக்குத்தான் பெட்டை எண்டு நிண்டவர். அவ என்னைத்தான் கலியாணம் செய்வன் எண்டு நிண்டவ. கலியாணத்தண்டு விடிய இவர் என்ன செய்தவர் தெரியுமோ? கீரிமலைக்குப் போய்த் தலைமுழுகினவர். எனக்கொரு மகள் இருந்தவள், செத்துப்போனாள் எண்டு அங்கை நிண்ட சனத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி முழுகினவர்.”

“ஓம்,” என்றார் ஏரம்பு. “சொன்னனான்.”

“ஒன்பது வருசத்திலை உண்மையாவே செத்துப்போனா.”

“ஓம்.”

“செத்தவீட்டுக்கு வந்து கேற்றடியிலை நிண்டவர், மிஸ். நான் பூட்டிப்போட்டன். உயிரோடை இருக்கேக்கை முழுகின ஆளுக்குச் செத்தவீட்டிலை என்ன வேலை எண்டு கேட்டனான். இப்பவும் அதைத்தான் கேப்பன்.”

ஏரம்பு தலையை ஆட்டினார். ஒரு குற்றத்தையும் அவர் மறுக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? அக்காகூட ஒன்றும் கேட்காமல் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“வயர் இழுக்க வந்த பெடியளோடை நானும் வந்தனான், தம்பி,” என்று அவராகவே தொடங்கினார். “கூலி வேண்டாம் எண்டு கெஞ்சித்தான் வந்தனான். நீர் வேலைக்குப் போயிட்டீர். என்ரை பிள்ளை சீவிச்ச வீட்டுக்குள்ளை அண்டைக்குத்தான் கால் வைச்சனான். ஒரு மிடறு தண்ணியும் குடிக்கேல்லை. பெடியள் பெட்டியைப் போட்டுச் சரி பாக்கேக்கை அவளின்ரை கலியாணப் படம் வந்துது. வீட்டுக்குள்ளை நிண்டு பாக்க எனக்கு உரிமை இல்லை. அதுதான் ஒரு வயரை இஞ்சாலை இழுத்தனான். தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்தனான்.”

“வயர் இழுத்து மூண்டு மாசம்,” என்றார் அக்கா. “பாக்கத் தொடங்கினது பத்து நாளுக்கு முதல்தானே, ஐயா?”

“பயம், பிள்ளை. வயரைப் பூட்டிப்போட்டு ரீவியைப் போடாமலே இருந்தனான்.” உடைந்து நின்ற திரையைக் கையால் காட்டினார். “பயந்தது காணாதெண்டு, அறுகரிசி போடுற இடத்திலை வந்து ஒவ்வொரு நாளும் உடையுது. திருப்பி முதலிலை இருந்துதான் வரும். அங்காலை போகாது. தம்பி, நீர் வெட்டும். வெட்டத்தான் வேணும். அதுக்கு முதல் ஒண்டை மட்டும் சொல்லும். அதுக்குப் பிறகு பிள்ளை சிரிச்சவளோ? அண்டைக்கு அவள் சந்தோசமாத்தான் இருந்தவளோ?”

குகதாசன் குறட்டை வயரில் வைத்துவிட்டார். அழுத்தவில்லை. இரண்டு வருடமாக, இல்லை, பதினொரு வருடமாக இந்த மனிதரிடம் சொல்ல அவரிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது என்று அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அதை அவர் சொல்லவில்லை. குறட்டை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, உந்த வயரைச் சரியாப் பூட்டிக் குடுங்கோ.”

பைக்குள் பிளக்குகள் இருந்தன. பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இழைகளை விரித்தேன். ஏரம்பு பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். தொழில்காரர், பார்க்காமல் இருக்க ஏலாது.

“சோடியைப் பிரிக்கிறீர்?”

“ஓம் ஐயா. இதிலை அப்பிடித்தான்.”

“பிரிக்கக் கூடாது எண்டுதான் எங்களுக்குப் பழக்கினது.”

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு என்னிடம் நாலு பதில் இருந்திருக்கும். பேசாமல் பிளக்கை அழுத்திப் பூட்டிவிட்டு, வரம்பால் ஓடி, கூரை ஏறி, மற்ற முனையையும் மாற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.

நின்ற இடத்திலிருந்தே படம் ஓடியது.

அரிசி பறந்தது, அறுகம்புல் பறந்தது, எதுவும் உடையவில்லை. தர்சினி முழு முகத்தோடு திரைக்கு வந்தார். பெரியப்பா குனிந்து அறுகரிசி போட, அவர் தோளுக்கு மேலால் நிமிர்ந்து மண்டபத்தின் வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்தார். யாரோ ஒரு மாமி வந்து போட்டார். தர்சினி மறுபடி வாசலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை காதுக்குள் ஏதோ சொல்ல, சிரிக்கத்தான் பார்த்தார். வாய் சிரித்தது. கண் போய் வாசலில் நின்றது.

“பிள்ளை ஆரைப் பாக்கிறாள்?” என்றார் ஏரம்பு.

அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது சொல்லவேண்டும் என்று கேட்டார். குகதாசன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா என்னைக் கேட்டவ, மாமா. ‘அப்பா வந்திட்டாரோ பாருங்கோ’ எண்டு. தாலி கட்டி முடிஞ்சாப் பிறகும் கேட்டவ. கடைசிப் பந்தியும் முடிஞ்சு பந்தல் கழட்டேக்கையும் கேட்டவ.” அவர் திரையைப் பார்த்தார். “சந்தோசமாத்தான் இருந்தவ. ஆனா கேட்டவ.”

ஏரம்பு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவசரமாக எழுந்தார். ஆணியில் கொழுவியிருந்த சேட்டை எடுத்தார். ஒரு கை நுழைந்தது, மற்றக் கைக்கு வழி தெரியவில்லை. தடவித் தடவி நுழைத்தார். கிடந்த நாலு தலைமயிரையும் கையால் தடவிப் படிய வைத்தார். வெறும் மேலோடு சபைக்குள் போகலாமா? திரையில் தர்சினி நாலாவது முறையாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரம்பு அந்தப் பழைய ரீவிக்கு நேரே போய் நின்று, கையைக் குவித்து, அறுகரிசி போடுகிறவர்கள் செய்வதுபோல வெறுங்கையை மகளின் தலைக்கு நேரே விரித்தார்.

“வந்திட்டன் பிள்ளை,” என்றார். “வந்திட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. அக்கா திரும்பி வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருடத்தில் அவர் ஒரு சாட்சிக்கு முதுகு காட்டியதை அன்றுதான் கண்டேன்.

படம் அடுத்த கட்டத்துக்குப் போய், பந்தி பரிமாறத் தொடங்கிய பிறகுதான் குகதாசன் கதைத்தார்.

“நாளைக்கும் பாருங்கோ, மாமா. எல்லாப் படமும் அதிலைதான் கிடக்கு. சாருஜா பிறந்ததும் கிடக்கு.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனா கேற்றைத் திறக்க என்னாலை ஏலாது. இண்டைக்கு ஏலாது. பேந்தும் ஏலுமோ தெரியாது.”

“காணும் தம்பி,” என்றார் ஏரம்பு. “எனக்கு இது காணும்.”

சேட்டுத் தெறிகளைப் போடப் பார்த்தார். ஒன்றும் பூட்டுப்படவில்லை. மூவாயிரம் வீட்டுக்கு லைன் இழுத்த விரல்கள். நான் கிட்டப் போய் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். அவர் சின்னப் பிள்ளைபோல நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.